அன்னாமேரியின் பிறந்த தேதி

பிடிக்காத கேள்வி வரப்போகிறது என்று தெரிந்தால் போதும், அன்னாள் நாலைந்து குண்டூசிகளை எடுத்து உதட்டிடுக்கில் செருகிக்கொள்வாள். உறுவையாறு கிராமத்தில் பாதிப் பெண்களுக்கு ரவிக்கை தைப்பவள் அவள்தான். "துணி எப்ப ஆவும்?" என்றால் ஊசி. "கை இறுக்குதே" என்றால் ஊசி. வாய் காலியாக இருக்கும்போது மாட்டினால், "ஒடம்பு ஊதுனா நா இன்னா பண்றது?" என்று திருப்பிக் கேட்பாள். அவளிடம் சண்டை போட்டு ஜெயித்தவர் ஊரில் கிடையாது.

மகள் அன்னாமேரி ஏழாவது படிக்கிறாள். பள்ளிக்கூடக் கணக்குப்படி பதினாலு வயது. பார்த்தால் பத்துக்கு மேல் மதிக்க முடியாது. "பொண்ணுக்குச் சோறு போடறியா இல்லியா?" என்று பக்கத்து வீட்டுக் காசம்மாள் கேட்டாள். அன்றைக்கும் ஊசிதான்.

விஷயம் இது. அன்னாளின் முதல் குழந்தைக்கும் அன்னாமேரி என்றுதான் பெயர். நடை பழகிய கொஞ்ச நாளில் காய்ச்சலில் போய்விட்டது. அடுத்துப் பிறந்ததும் பெண். "போனவதான் திரும்பி வந்துட்டா, புதுசா இன்னாத்துக்குப் பேரு?" என்றாள் அன்னாள். பழைய பெயரையே கோயிலில் வைத்தார்கள். புருஷன் தாமஸ் இன்னும் ஒரு படி மேலே போனான். "பேரு அதேதான், பொறப்புப் பத்திரமும் வூட்ல இருக்குது. புதுசா பதியறதுக்கோசரம் கொம்யூன் ஆபீசுக்கு நடக்கணுமா?" என்று, செத்த குழந்தையின் பத்திரத்தைக் காட்டியே இவளைப் பள்ளியில் சேர்த்துவிட்டான். சோம்பேறித்தனத்துக்கு அவனிடம் எப்போதும் ஒரு நியாயம் தயாராக இருக்கும்.

ஆண்டுதோறும் கல்லறைத் திருநாளுக்கு அன்னாள் ஒரு சின்னச் சிலுவைக்குச் சுண்ணாம்பு அடிப்பாள். மகள் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்ற வருஷம், அதில் தன் பெயரையும் இரண்டு தேதிகளையும் பார்த்துவிட்டு, "இது யாரும்மா?" என்றாள். அன்று கையில் ஊசி இல்லை. "நீதான்டி" என்று சொல்லிவிட்டாள் அன்னாள். பாவம், குழந்தை மறுபடி கேட்கவே இல்லை. அதிலிருந்து மெழுகுவத்தியைத் தானே ஏற்றிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள். கூப்பிட்டால் லேசில் எழுந்து வருவதில்லை.

இந்த வருஷம் வகுப்பாசிரியை ருக்குமணி, ஆளுக்கொரு நோட்டில் 'நான்' என்று தலைப்பிட்டுத் தங்களைப் பற்றி எழுதச் சொன்னார். ஒரு சனிக்கிழமை மதியம் பெற்றவர்களை வரவழைத்து உட்காரவைத்து, பிள்ளைகளை வாசிக்கச் சொன்னார். பச்சையப்பன் மகன் வீட்டு எருமையைப் பற்றியே நாலு பக்கம் எழுதியிருந்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அன்னாமேரி எழுந்தாள்.

"நான் பிறந்தது 1960 ஆகஸ்ட் பதினைந்து. இறந்தது 1961 டிசம்பர் ஒன்பது. மழை பெய்தால் என் கல்லறைக்குள் தண்ணீர் வரும், கால் நனையும். அம்மா அழுததால் திரும்பி வந்தேன். மறுபடி எப்போது போக வேண்டும் என்று அம்மாவுக்குத் தெரியும்."

பாடம் ஒப்பிப்பதுபோல் ஒரு இடத்திலும் தடுமாறாமல் வாசித்தாள். யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒருத்தி தன் கைக்குழந்தையை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டாள்.

அன்னாள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "அது நீ இல்லடி! ஒங்க அக்கா. செத்துப் போச்சு. நீ வேற, அவ வேற!"

மகள் அழவில்லை. நோட்டில் முதல் இரண்டு வரிகளை நிதானமாகக் கோடு போட்டு அடித்தாள். பென்சிலைத் தாளில் ஊன்றி நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப நா எப்பம்மா பொறந்தேன்?"

சொல்ல வாயைத் திறந்தாள் அன்னாள். மூத்தவளைப் பெற்ற நாளின் ஒவ்வொரு வலியும் நினைவுக்கு வந்தது. இவளைப் பெற்றது மழையிலா, வெயிலிலா, என்ன கிழமை, எந்த மாதம், ஒன்றும் வரவில்லை. திரும்பி வந்தவளுக்குத் தேதி எதற்கு என்று அன்றைக்கே விட்டுவிட்டாள். தாமஸைப் பார்த்தாள். அவன் கூரை ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லும்மா, எழுதணும்."

அன்னாள் முந்தானைக்குள் கையை விட்டு, இவளைச் சுமந்ததற்கு அங்கே ஏதாவது தடம் இருக்குமா என்று தன் வயிற்றை மெல்லத் தடவிப் பார்த்தாள்.