பைலியின் கால்கள் கட்சி மாறின

ஏலிக்குட்டி புருஷனை நம்பாததற்குக் காரணம் இருந்தது. ரேஷன் கடை நடத்திய நாற்பது வருஷமும் பைலி, "இதோ வந்துட்டேன்" என்று கிளம்பிப் போய், கதர்க் கட்சி மேடையில் சிவப்புக் கொடிக்காரர்களைத் திட்டித் தீர்த்துவிட்டுச் சாவகாசமாகத் திரும்பும் ஆள். இப்போது பார்க்கின்சன் நோய். அடுக்களை வாசலுக்கு வந்தால் போதும், கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். ஆறு மாதமாக இடுப்பு வலியோடு அவள்தான் இழுத்து நகர்த்துகிறாள்.

"தாளம் நல்லா விழுற பாட்டா போட்டு நடக்க வைங்க அம்மச்சி," என்றாள் ஆஸ்பத்திரியில் நடைப்பயிற்சி கொடுக்கும் பெண். "உள்ள தாளம் தப்பிப்போச்சு. வெளியிலிருந்து கொடுத்தா கால் பிடிச்சுக்கும்."

ஏலிக்குட்டி மொபைலில் மாதா பாட்டுகளாகப் போட்டுப் பார்த்தாள். கால் அசையவில்லை.

"என்னடீ இது, சாவு வீட்டுக்கா போறோம்?" என்றார் பைலி.

அப்பேர்ப்பட்டவர் கள்ளுக்கடை வளைவில் தனியாக விறுவிறுவென்று போகிறார் என்று பக்கத்து வீட்டு லீலாம்மா வந்து சொன்னால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

"நான் கூப்பிட்டேன் சேச்சி. நின்னு ஒரு வார்த்தை பேசல!"

வியாழக்கிழமை ஜெபமாலைக் கூட்டத்துக்குப் போவதுபோல் புறப்பட்டு, ஏலிக்குட்டி பலாமரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டாள். சற்று நேரத்தில் பைலி கொல்லைப்புறமாக வந்தார். உதடு முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"இன்குலாப்... சிந்தாபாத்... இன்குலாப்..."

இன்குலாப்புக்கு இடது கால், சிந்தாபாத்துக்கு வலது கால்.

"ஏ மனுஷா!"

பைலி அப்படியே உறைந்து நின்றார்.

"ஏடீ, யார்கிட்டயும் சொல்லிராத. போன மாசம் முக்குல ஒட்டிக்கிட்டு நின்னேன். அந்தச் சிவப்புக் கொடிக்காரனுங்க ஊர்வலம் கோஷம் போட்டுட்டு வந்துச்சு, கால் தானா கிளம்பிருச்சு. நாப்பது வருஷம் எதிர்த்துக் கத்தினவன் நான். கால் மட்டும் அங்க போய்ச் சேர்ந்துருச்சுடீ!"

"அப்ப அடுக்களை வாசல்ல மட்டும் வாயில கொழுக்கட்டையா?"

"வெக்கமா இருந்துச்சு. உன் காதுல விழுந்தா ஊருக்கே தெரிஞ்சிருமே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. கள்ளுக்குப் போகிறவன் வாயில் என்ன கதைதான் வராது! இத்தனை நாள் தன் இடுப்பை ஒடித்ததெல்லாம் நடிப்பா? இனி விழுந்தாலும் கை கொடுப்பதில்லை என்று முடிவு கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் குர்பானா அப்பம் வாங்கும் வரிசையில், பாதிரியாரான அச்சனுக்குப் பத்தடி முன்னால், பைலி நின்றுவிட்டார். பின்னால் கோயிலே காத்திருந்தது. நடிக்கட்டும் என்று ஏலிக்குட்டி கைகூப்பியபடி பக்கத்தில் நின்றாள். அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தாள். வியர்வை கொட்டியது. உதடு துடித்தது, சத்தம் வரவில்லை. பீடத்துக்கு முன்னால் அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்குத் துணிச்சல் இல்லை. கால் நின்ற இடத்திலேயே நிற்க, உடம்பு மட்டும் முன்னால் சாய்ந்துகொண்டிருந்தது.

கர்த்தாவே, இந்த மனுஷனையா சந்தேகப்பட்டேன் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

"இன்குலாப்!" என்று கத்தினாள்.

கோயிலே திரும்பிப் பார்த்தது. பின்வரிசையிலிருந்து யாரோ பழக்கதோஷத்தில், "சிந்தாபாத்!" என்றார். பைலியின் கால் எழுந்தது. அவள் இன்னொரு முறை கத்தினாள், இன்னொரு முறை. குர்பானாவைக் கையில் பிடித்தபடி அச்சன் அவளை முறைத்தார்.

"இது மருந்தாக்கும் அச்சோ," என்றாள் ஏலிக்குட்டி. "சீக்கிரம் கொடுத்திருங்க. நான் நிறுத்தினா இவர் நின்னுருவார்."