டிரசர் பெண் பார்க்க வந்த சனிக்கிழமை

போன வாரம் ஈப்போவில், சர்க்கரை மருந்து வாங்க அரசாங்கக் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு வங்காளதேசத் தொழிலாளி நின்றபடியே கை நிறைய மாத்திரைகளை ஒவ்வொன்றாக விழுங்கினார். முகக்கவசம் போட்ட தாதி, "புக்கா முலுட்" என்றார். அவர் வாயைத் திறந்து காட்டினார். இந்தப் பக்கம் என் வாயும் தானாகத் திறந்துகொண்டது. ஐம்பதைத் தொட்ட பொம்பளை காரணமில்லாமல் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்தால் யார்தான் பார்க்கமாட்டார்கள்? பக்கத்திலிருந்த சீன அம்மா நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

அந்த மாத்திரைகளை எனக்குத் தெரியும். காசநோய்க்குக் கொடுப்பது. அதை விழுங்கினால் சிறுநீர் சிவந்துபோகும். முதல் நாள் ரத்தம் என்று நினைத்து அழுதிருக்கிறேன். நோயாளியை நம்பி வீட்டுக்குக் கொடுத்து அனுப்பமாட்டார்கள். தினமும் வரச் சொல்லி, கண்ணெதிரே விழுங்கவைத்து, நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்வார்கள். இருபத்திரண்டு வயதில் ஆறு மாதம் நானும் காட்டினேன். யாரிடம் காட்டினேன் என்பதில்தான் கதை இருக்கிறது.

அவர் பெயர் சேவியர். அப்போது நான் போய்வந்த கிளினிக்கின் மருத்துவ உதவியாளர். எங்கள் தோட்டத்து வழக்கத்தில் டிரசர். கமுந்திங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் வழியில் நான் அங்கே இறங்கிக்கொள்வேன். மனதுக்குப் பிடித்தவனிடம் ஒரு பெண் புதுச் சட்டையைக் காட்டுவாள், பூ வைத்த கூந்தலைக் காட்டுவாள். நான் காட்டியது நாக்கின் அடிப்பக்கம். அந்த அறையில் அவர் முகக்கவசத்தைக் கழற்றவே மாட்டார், அதனால் கண்ணும் புருவமும் மட்டும்தான் எனக்குப் பழக்கம்.

"தூக்குங்க. ம், போயிருச்சு. அரை மணி நேரம் பொறுத்து மறக்காம சாப்புடணும்லா."

அவ்வளவுதான் பேச்சு. ஆனால் வீட்டில் என் தட்டும் கோப்பையும் தனியாகப் போய்விட்ட காலம் அது. அம்மா என் துணியைத் தனியாகத் துவைத்தாள், சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு வாய் இல்லை. சாப்பிடச் சொன்ன முதல் ஆள்மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது. அது போதுமா என்று கேட்காதீர்கள். எனக்குப் போதுமாக இருந்தது.

ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட பிறகும் நாங்கள் பழைய லயத்து வரிசை வீட்டிலேயே இருந்தோம். நடுவில் பலகைச் சுவர். இந்த வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் செல்லம்மாக்கா கேட்பார். அம்மா அவரிடம் "சளி, பழைய சளி" என்றே சொல்லிவந்தாள். டீபி வந்த பெண்ணை யார் கட்டுவான்? அவளுக்கு இருந்த பயமெல்லாம் அது ஒன்றுதான்.

அதனால்தான் வீட்டு ஆட்களையும் சோதிக்க வேண்டும் என்று கிளினிக்கில் சொன்னபோது அம்மாவும் அப்பாவும் போகவில்லை. யாராவது பார்த்துவிட்டால்? அவர்கள் வராததால் சேவியரே வருவதாகச் சொன்னார். கிளினிக் வண்டி வேண்டாம், வெள்ளைச் சட்டை வேண்டாம் என்று கெஞ்சினேன். "சரிலா, டிரைவர் அண்ணன் காருல வாரோம்" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் வேலை விட்டு வந்தால், கட்டிலில் பட்டுச்சேலை கிடக்கிறது. கூடத்தில் வெற்றிலை, வாழைப்பழம், லட்டு.

"செல்லம்மாகிட்ட, ஒன்னய பொண்ணு பாக்க வாராங்கன்னு சொல்லிட்டேன். ரெண்டு ஆம்பள வந்தா வேற என்னத்தடி சொல்றது? பேசாம கட்டு. தலையத் தூக்குன, கொன்னுருவேன்."

என் மனசு அம்மாவுக்குத் தெரியாது. சேலையை எடுத்துக் கட்டினேன்.

கார் வந்து நின்றது. செல்லம்மாக்கா எங்கள் சன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். சேவியர் படியேறினார், வெற்றிலைத் தட்டைப் பார்த்திருப்பார், சேலையைப் பார்த்திருப்பார், சன்னலையும் பார்த்திருப்பார். பிறகு முகக்கவசத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போடுவது என் குனிந்த கண்ணுக்குத் தெரிந்தது. மருந்து ஆரம்பித்துப் பல வாரம் ஆனதால் என்னிடமிருந்து தொற்றாது. ஆனால் அம்மா அப்பாவை இன்னும் சோதிக்கவில்லை. அது அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் கழற்றினார்.

தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். கோப்பையை வாங்கிய விரல்களைப் பார்த்தேன், மணிக்கட்டைப் பார்த்தேன். இன்னும் நாலு விரற்கடை நிமிர்ந்தால் அவர் முகம். சன்னலில் அக்கா. பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்ப்பவள் எங்கள் லயத்தில் பெண்ணே இல்லை. நான் நிமிரவில்லை.

டிரைவர் அண்ணன் கெட்டிக்காரர். "பெரியவங்ககிட்டத் தனியா கொஞ்சம் பேசணும்" என்று என்னைக் கூடத்தில் விட்டுவிட்டு மற்றவர்களை அடுப்படிக்குத் தள்ளிக்கொண்டு போனார். அங்கே அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கையில் ஊசி, சளி துப்பக் குப்பி. செல்லம்மாக்கா சீர் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். புறப்படும்போது சேவியர் வாசலில் நின்று, அக்கா காதில் விழும்படியாக, "கலந்து பேசிட்டு சொல்லி அனுப்புறோம்மா" என்றார்.

அது நாடகம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் காத்திருந்தேன். புத்தி கெட்டவள்.

சில நாள் கழித்துக் கிளினிக்கில், முகக்கவசம் போட்டுக்கொண்டு சொன்னார்: "அம்மா அப்பா ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்ல. நல்ல சேதிதான்லா. ம், நாக்கத் தூக்குங்க." தூக்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது, மாத்திரை தொண்டையில் நின்றுவிட்டது என்றேன். அவர் இன்னொரு குவளை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

சிகிச்சை முடியுமுன் பாகான் செராய்க்கு மாற்றலாகிப் போனார். "ஒரு நாளும் விட்றாதீங்க" என்றார். விடவில்லை. பிறகு எங்கே போனார், யாரைக் கட்டினார் என்று தெரியாது.

மாப்பிள்ளை வேதக்காரப் பையன், ஒத்து வராது என்று அம்மா அக்காவிடம் கதையை முடித்துவிட்டாள். அப்புறம் நிஜமாகவே சிலர் பார்க்க வந்தார்கள். அப்போதெல்லாம் நன்றாக நிமிர்ந்து பார்த்தேன். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. ஒண்டிக்கட்டையாகவே இருந்துவிட்டேன். அழுகிற மாதிரி ஒன்றும் இல்லை, நிம்மதியாகத்தான் இருக்கிறேன்.

லயத்தை இடித்து, அடுப்படி இருந்த இடத்திலும் செம்பனை வைத்துவிட்டார்கள். அப்பா போய்விட்டார், அம்மா போய்விட்டாள். செல்லம்மாக்கா மட்டும் ஈப்போவில் மகன் வீட்டு அடுக்குமாடியில் இருந்தார். ஒவ்வொரு தீபாவளிக்கும் போவேன். அவரே ஆரம்பிப்பார்.

"என்னா மொகம்டி அது. சிரிச்சா கன்னத்துல குழி விழும். நீ குனிஞ்சே நின்ன, அவன் ஒன்னயேதான் பாத்துக்கிட்டு இருந்தான். ஒங்கம்மா கெடுத்துட்டா."

"நெசமாவா அக்கா? எந்தக் கன்னத்துல?"

"எடது கன்னத்துல."

ஒவ்வொரு வருஷமும் கேட்பேன், அவரும் அலுக்காமல் சொல்வார். உண்மையை நான் சொன்னதே இல்லை. இந்த வருஷம் தைப்பூசம் முடிந்த கையோடு அவரும் போய்விட்டார். அந்த முகத்தைப் பார்த்தவர்களில் எனக்கு மிஞ்சியிருந்தவர் அவர் ஒருவர்தான்.

இனி எனக்குச் சொல்ல ஆளில்லை.