காயும்வரை நிற்கும் பூவரசு

புரட்டாசியின் கடைசி ஞாயிறு. பரமக்குடியில் காலை ஆறு மணிப் பேருந்தில் ஏறி, பாம்பன் பாலம் கடந்து, ஏறத்தாழ எண்பது கிலோமீட்டரில் அக்காள்மடத்தில் இறங்கினேன். எண்ணெய் வண்ணத்தில் வீடும் மரமும் வரையக் கற்றுத்தர ஓவிய ஆசிரியை ஜெசிந்தா ஒப்புக்கொண்டிருந்தார்.

அவர் காட்டியது தன் தங்கை ராணியின் வீடு. மஞ்சள் சுவர், ஓட்டுக்கூரை, அதன்மேல் சாய்ந்த பூவரசு. மரத்தடியில் ரம்பத்தோடு ஓர் ஆள் காத்திருந்தார்.

ராணியின் கணவர் சேசு மீன்பிடிப்பவர். ஞாயிறன்று கடலுக்குப் போவதில்லை. "மழக்காத்துக்கு இது கூரையில விழுந்துரும் சார். பிள்ளைக அதுக்குக் கீழதான் படுக்குது. வெட்டணும்னா இவ அழுகுறா. அக்காளும் தங்கச்சியும் கெஞ்சுனதுல, நீங்க வரையுற படம் காயிற வரைக்கும் கைவைக்க மாட்டேன்னு மாதா முன்னால சொல்லிட்டேன்."

"வெளிய உக்கார வேற நெழலு ஏது?" என்றார் ராணி.

முதலில் வானம். அது ஈரமாக இருக்கும்போதே அவசரப்பட்டு இலைகளை வைத்தேன். பச்சையும் நீலமும் குழைந்து சேறாயின. "பாத்திரம் கழுவுன தண்ணி மாதிரி இருக்கு. சுரண்டுங்க" என்றார் ஜெசிந்தா. கத்தியால் வழித்தேன்.

"இன்னுமா சார்? நா ஒரு படகுக்கே பெயிண்டு அடிச்சிருப்பேன்!" என்று சேசு இரண்டு முறை வந்து போனார். தேநீர் தந்த ராணி, "மெதுவா வரைங்க" என்று முணுமுணுத்தார்.

பகல் இரண்டு மணிக்குக் காற்று எழுந்தது. மணல் பறந்து ஈர வண்ணத்தில் ஒட்டியது. கிளை கூரையில் உரச, ஓர் ஓடு சரிந்து உடைந்தது. உள்ளே குழந்தை அலறியது. என் தூரிகை நின்றுவிட்டது.

மூன்று மணிக்குச் சுவரின் நிழலை முடித்தேன். சேசு வந்து நின்றார். "நாளைக்குள்ள காஞ்சிரும்ல?" அவருக்குத் தெரிந்தது படகுக்கு அடிக்கும் பெயிண்ட்.

ஜெசிந்தா குனிந்து தூரிகை கழுவினார். ராணி என்னையே பார்த்தார். ஆமாம் என்றால் மரம் போகும். இல்லை என்றால் அந்தக் கூரை.

"தொடுற அளவுக்குக் காயவே வாரக்கணக்காகும். முழுசாக் காய மாசக்கணக்கு" என்றேன்.

"அக்காளும் தங்கச்சியும் பேசி வச்சு ஏமாத்திட்டீகளா?" என்றார் சேசு.

"அப்ப நா தை மாசம் வாரேன்ணே" என்று ரம்பக்காரர் சிரித்தார்.

சேசு சிரிக்கவில்லை. "ஏலே, ரம்பத்த அங்கன வையி. படகுக் கயிறு எடுத்துட்டு வாரேன், மரத்த அந்தத் தென்னையில இழுத்துக் கட்டுவோம்." பிறகு ராணியிடம், "பிள்ளைகளத் தூக்கி அடுப்படியில படுக்கப் போடு. விழுந்துச்சுன்னா ஒன்னயக் கேப்பேன்."

ஈரப் படத்தை யார்மீதும் படாமல் பிடித்தபடி ஊர் திரும்பினேன். பரமக்குடியில் காற்றடித்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு வேலையைப் பார்ப்பவன் நான். இப்போதெல்லாம் எழுந்து போய், படத்திலிருக்கும் பூவரசின் ஓர் இலையை விரல் நுனியால் தொடுகிறேன். காய வேண்டுமா, வேண்டாமா என்று நினைக்கத் தெரியவில்லை. இன்னும் ஒட்டுகிறது.