ஆளுக்கு ஒரு கையுறை

பேரணாம்பட்டிலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு எங்கள் பஸ் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். போகும்போது ஒரு எபிசோட், வரும்போது ஒரு எபிசோட். ஒரு போன், ஒரு இயர்போன், ஆளுக்கு ஒரு காது. பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும், யாருக்கும் பிடிக்காத அந்தத் தூக்கிப்போடும் சீட்டில் உட்கார்ந்து நானும் அவளும் பார்த்தது ஓர் அனிமே தொடர். ரத்தக் காட்டேரிகளை வேட்டையாடுகிறவர்களின் கதை. முன்சீட்டு அக்காக்கள் எட்டிப் பார்த்து, "இன்னாடி, கல்யாண வயசுல பொம்மப்படம்?" என்பார்கள். எனக்கு அப்போது இருபத்தாறு, அவளுக்கு இருபத்து நாலு. தையல் லைனில் பக்கத்துப் பக்கத்து மெஷின்.

எங்களைப் பிடித்து இழுத்தது கதை இல்லை என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கதாநாயகனான வேட்டைக்காரனின் உடைதான். கணுக்கால் வரை தொங்கும் கறுப்புத் தோல் கோட்டு, தூக்கிவிட்ட காலர், வெள்ளி முடி, முழங்கால் வரை பூட்ஸ். கையில் கறுப்புக் கையுறை, அதன் முதுகில் சிவப்பு நூலில் ஒரு சிலுவை. இடிந்த தேவாலயத்துக்குள் அவன் நடந்து வந்தால் பூட்ஸ் சத்தம் மட்டும் கேட்கும். பத்துப் பேரை வெட்டிச் சாய்த்தாலும் ஒரு பட்டன் கழன்றிருக்காது. அந்தத் தொடரில் ஒருவருக்கும் வேர்ப்பதே இல்லை. தலையில் வலைத்தொப்பி, கழுத்திலிருந்து முட்டி வரை ஏப்ரன், மூக்கு முழுக்க சொல்யூஷன் பசையின் நெடி என்று நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற எங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதில் சாகிறவர்கள்கூட ஸ்டைலாகத்தான் செத்தார்கள்.

மற்றவர்கள் சண்டைக்காகப் பார்ப்பார்கள். நாங்கள் சண்டையை நிறுத்தி வைத்துவிட்டுத் தையலைப் பார்த்தோம்.

"இவ்ளோ சாஃப்டா மடியுது பாரு, ஆட்டுத்தோல்தான்" என்பாள்.

"ஆட்டுத்தோல்ல அவ்ளோ நீளம் எங்கடி கிடைக்கும்? ஒட்டுப் போட்டிருக்கணும்."

"போட்டிருக்கான். தோள்கிட்ட பாரு, டபுள் தையல். வரஞ்சவனுக்கு வேல தெரிஞ்சிருக்கு."

திரையின் கீழே ஓடும் ஆங்கில வரிகளைப் படித்துச் சொல்வது என் வேலை. நான் பி.காம்., அவள் பத்தாவது. ஓடுகிற வேகத்துக்குப் பாதிதான் எனக்குப் பிடிபடும், மீதியை நானே கட்டிவிடுவேன். அவள் நம்புவாள். ஒருமுறை அந்த வேட்டைக்காரன் ஒரு மரக்கூண்டுக்குள் மண்டியிட்டு, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பாதிரியாரிடம் ஏதோ சொன்னான். "உங்க சர்ச்ல இது கீதா, இல்லியா?" என்று கேட்டாள். "இல்ல, அது ஆர்.சி.காரங்களுக்கு. நாங்க செஞ்ச பாவத்த நேரா ஆண்டவர்கிட்டயே சொல்லிடுவோம்" என்றேன். "அது ஈசியாச்சே" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பஸ் இறங்கும்வரை பேசவில்லை. எனக்குச் சட்டென்று கோபம் வரும். அவளுக்கு வரவே வராது, அதற்கும் சேர்த்து எனக்கு வரும்.

எனக்கு அந்தத் தொடரில் இன்னொன்றும் பிடித்திருந்தது. யார் கெட்டவன் என்பதில் சந்தேகமே இருக்காது. பல் நீளும், கண் சிவக்கும், வெயில் பட்டால் எரியும். அப்படி இருந்தால் எவ்வளவு சௌகரியம் என்று நினைத்துக்கொள்வேன்.

கையுறை தைக்கலாம் என்றது அவள்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓர் அட்டையில் என் இடது கையை வைத்து வரைந்தாள், அவள் வலது கையை வைத்து இன்னொன்று. எங்கள் லைனில் விழும் கறுப்புத்தோல் துண்டுகளில் விரல் நீளத்துக்கு வந்ததையெல்லாம் பொறுக்கி ஏப்ரன் பையில் வைத்தோம். அவை மூட்டையில் போகிற கழிவுதான். ஆனால் கழிவும் கம்பெனியுடையது. நகம் அளவு துண்டை வெளியே எடுத்துப் போனாலும் திருட்டு என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். எங்கள் இருவருக்கும் அது நன்றாகத் தெரியும்.

இரண்டு வாரத்தில் ஒரு ஜோடி தயாரானது. விரல் இடுக்கில் தையல் சுருங்காமல் வருவது எவ்வளவு கஷ்டம் என்று தைத்தவர்களுக்குத்தான் தெரியும். அவள் கைவேலை அப்படி. சிவப்புச் சிலுவையை மட்டும் நான் போட்டேன், அது லேசாகக் கோணியிருந்தது. ஜோடியாக எடுத்துப் போனால் மாட்டிக்கொள்வோம் என்று ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டோம். இடது எனக்கு, வலது அவளுக்கு.

சாயங்காலம் கேட்டில் நான் முன்னால் நின்றேன். டிபன் பாக்சுக்கு அடியில் மடித்து வைத்திருந்தேன். செக்யூரிட்டி அக்கா பையைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். நான் வெளியே வந்துவிட்டேன். அவளுக்குப் பொறுக்கவில்லை. பையில் வைக்காமல், துப்பட்டாவுக்குள்ளே கையிலேயே மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். "கையக் காட்டு" என்று அக்கா சொன்னது எனக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அவள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அந்தக் கையுறை அவளுக்கு அவ்வளவு அழகாக இருந்தது. நான் போய் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் காலை ஆபீஸ் ரூமுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அவள் அங்கே இல்லை. பக்கத்து மெஷின் என்பதால் சாட்சி எழுதித் தரச் சொன்னார்கள். ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் வைத்தார்கள். யாரும் மிரட்டவில்லை, தண்ணீர்கூடக் கொடுத்தார்கள். 'இவர் தோல் துண்டுகளைத் தனியாக எடுத்து வைத்ததை நான் பார்த்தேன்' என்று எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். 'எதற்காக என்று எனக்குத் தெரியாது' என்று இன்னொரு வரியும் எழுதினேன். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாக எழுதினேன். அன்று மதியமே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

என்னிடம் இருந்த இடது கையுறையை வீட்டுக்குப் பின்னால் வெந்நீர் அடுப்பில் போட்டேன். தோல் எரிந்தால் என்ன நாற்றம் வரும் என்று எங்கள் பக்கம் சின்னக் குழந்தைக்கும் தெரியும். பயத்தில் எனக்கு அது மறந்துபோய்விட்டது. "இன்னாடி கருவுது?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டார். தலைமுடி என்றேன். அந்த நாற்றம் துவைத்துக் காயப்போட்ட துணியிலெல்லாம் ஏறி இரண்டு நாள் நின்றது.

அவள் இரண்டு முறை போன் செய்தாள். எடுக்கவில்லை. பஸ்ஸில் முன்சீட்டுக்கு மாறினேன். தொடர் பாதியில் நின்றது. அவள் வீட்டில் பீடி சுற்றுகிறாள் என்று கேள்விப்பட்டேன். ஏழெட்டு மாதம் கழித்து என்னை லைன் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். படிப்புக்காக என்றார்கள். படிப்புக்காகத்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

போன மாதம் வேலை முடிந்து வெளியே வரும்போது எதிரே நின்றிருந்தாள். இளைத்திருந்தாள். எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது.

"நீலக் கோட்டா? சூப்பர்வைசர் அம்மா" என்று என் யூனிஃபார்மைப் பிடித்துப் பார்த்தாள். "நம்ம ஆளு கோட்டு மாதிரி வராது. ஆனா பரவால்ல."

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

"ரெண்டாவது சீசன் வந்துச்சே, பாத்தியா?"

"இல்ல."

"நான் பாத்தேன். கீழ இங்கிலீஷ் ஓடிக்கினே கீது, படிச்சுச் சொல்ல ஆளில்ல. சும்மா கோட்டயே பாத்துக்கினு இருந்தேன்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அன்னிக்கு உள்ள கூப்ட்டு, ஜோடி எங்க, கூட யாருன்னு கேட்டுக்கினே இருந்தாங்க. ஒன்னுதான் தச்சேன்னு அடிச்சுச் சொல்ட்டேன். உன் பேரே வர்ல. நீ பயந்து போயிருப்ப, அதான் போன் எடுக்கலன்னு எனக்குத் தெரியும். ரெண்டு பேரும் மாட்டியிருந்தா இன்னா லாபம்? நீயாவது தப்பிச்சியே."

சொல்லிவிடலாம். அந்தத் தெருவில், எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், நாலு வார்த்தையில் சொல்லி முடித்திருக்கலாம்.

"எனக்கு ஒரு ஒதவி பண்ணு" என்றாள். "பீடி சுத்தி சுத்தி விரல்லாம் போச்சு. ஊசியப் புடிக்கவே மறந்துடும் போல கீது. நீ ஒரு வார்த்த சொன்னா எடுப்பாங்களா?"

எடுக்கலாம். அவளைப் போல விரல் இடுக்கில் தைக்கிறவர்கள் எங்கள் லைனில் இப்போதும் இல்லை. ஆனால் பழைய ஆள் என்றால் ஃபைலை எடுப்பார்கள். அவளை உட்கார வைத்து, உன் பக்கத்து மெஷின் பொண்ணே எழுதிக் கொடுத்திருக்கிறாள் பார் என்று என் கையெழுத்தைக் காட்டுவார்கள்.

"இப்ப ஆள் எடுக்கலடி" என்றேன்.

அவள் என்னைப் பார்க்காமல் என் தோளுக்கு மேலே பார்த்தாள். எனக்குத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. 'தையல் ஆட்கள் உடனடியாகத் தேவை' என்று கேட்டில் பேனர் கட்டி ஒரு வாரம் ஆகியிருந்தது. அதைக் கட்டச் சொன்னதே நான்தான். அவள் அதை நிதானமாகப் படித்து முடித்தாள்.

"சரிடி" என்றாள். "எடுக்கும்போது சொல்லு."