உத்தரம் கொடுத்த குரல்

ஒடியப்போகும் மரம் முன்கூட்டியே குரல் கொடுக்கும், அது என் காதுக்குத் தப்பாது என்று நம்பியவன் நான். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு, பாலக்கரை மரவாடியிலிருந்து மாட்டுவண்டியில் வந்த உத்தரத்தை, ஈரம் காயும் முன்பே அவசரமாக ஏற்றிவிட்டேன். மகளின் கல்யாண ஊஞ்சல் அதில்தான் தொங்கவேண்டும்.

பயத்தில், முதல் நாளே கனத்த சரீரியான என் மைத்துனரையும் சமையல்காரரையும் சேர்த்து உட்காரவைத்து ஆட்டிப் பார்த்தேன்.

“என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டேளா அத்திம்பேர், எடைக்கல்லாக் கூப்பிட்டேளா?” என்றார் மைத்துனர். உத்தரம் முனகக்கூட இல்லை.

மறுநாள் மணமக்கள் ஆடும்போது ‘மடார்’ என்று சத்தம். சம்பந்திகள் பார்க்க, பாய்ந்துபோய் ஊஞ்சல் பலகையைக் கட்டிக்கொண்டேன். பாட்டு நின்றது.

“விடுங்கோப்பா, நான் விழமாட்டேன்” என்று மகள் குனிந்து என் தலையைத் தடவினாள்.

உத்தரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்கட்டில் சமையல்காரர் தேங்காய் உடைத்திருக்கிறார்.