பொட்டு வைக்காத சவுக்கு

பத்தாவதோடு பள்ளியை விட்டவன் நான். பயணம் எழுத எனக்குத் தகுதியில்லை; அதுவும் முப்பத்தைந்து கிலோமீட்டர்ப் பயணத்தை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 23, காலை 7.10. திண்டுக்கல் பஸ் நிலையத்தில் வத்தலக்குண்டு பஸ் ஏறினேன். டிக்கெட் முப்பது ரூபாய். எங்கள் தெருவின் கிறிஸ்துமஸ் குடிலுக்குச் சவுக்கு மரம் கொண்டுவருவது வருடாவருடம் என் வேலை. பனி விழும் நாடுகளில் மற்ற மரங்கள் இலை உதிர்த்து நிற்கும்போது ஊசியிலை மரம் மட்டும் பச்சையாக இருக்குமாம். சாகாத உயிருக்கு அடையாளமாக அதை வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அந்த மரம் இங்கே கிடைக்காததால், பார்வைக்கு அதைப் போலிருக்கும் சவுக்கை நம் பெரியவர்கள் பிடித்துக்கொண்டார்கள். செம்பட்டி தாண்டியும் ஜன்னலுக்கு வெளியே ஒரே பச்சை. மார்கழியில் எங்கள் பக்கம் பச்சைக்குப் பஞ்சமில்லை.

8.30. சேவுகம்பட்டி. அங்கே பஞ்சவர்ணம் என்பவர் மல்லிகைத் தோட்டத்து வரப்பில் சவுக்கு வளர்க்கிறார். வெட்டுவதற்கு முன் மரத்துக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைப்பார். மரத்திடம் உத்தரவு கேட்பதாம். போன வருடம், மாதா கோயிலில் யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று பயந்து, பஸ் நிறுத்தத்தில் ஈரத்துண்டால் அதைத் துடைத்தேன். நிமிர்ந்தால், நான் மறந்துவிட்டு வந்த குடையோடு அவர் நின்றுகொண்டிருந்தார். குடையைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தார். இந்த முறை எப்படியாவது மன்னிப்புக் கேட்டுவிடுவது என்றுதான் போனேன்.

"வாங்கண்ணே. காபி குடிக்கிறீகளா?"

"இல்ல தங்கச்சி. போன வருசம் நான்..."

"போன வருசம் மழை எங்க பேஞ்சுச்சு? இந்தா பாருங்க, இப்ப அம்புட்டும் தழைஞ்சு நிக்கிது."

அரிவாளோடு வரப்புக்கு வந்தார். மஞ்சள் கிண்ணம் வரவில்லை.

"பொட்டு வைக்கலையா தங்கச்சி?"

"எதுக்குண்ணே? நான் வைக்க, நீங்க தொடைக்க. இப்ப ரெண்டு பேருக்கும் வேலை மிச்சம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான்கு வெட்டில் மரம் சாய்ந்தது. "வையுங்க" என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். கயிற்றை எடுத்துக் கிளைகளைக் கட்ட ஆரம்பித்தேன்.

10.20. திரும்பும் பஸ். "காட்டையே ஏத்துறீகளேண்ணே! அதுக்கும் ஒரு சீட்டுப் போடவா?" என்றார் கண்டக்டர். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். குடிலைப் பார்க்க வருகிறவர்கள் நல்ல மரம் என்பார்கள். உத்தரவு கேட்காமல் வெட்டிய மரம் என்று எனக்கு மட்டும் தெரியும்.

மறுநாள் காலை, பஞ்சவர்ணத்துக்குக் கொடுக்கக் கேக் பொட்டலத்தோடு பஸ் நிலையம் போனேன். வத்தலக்குண்டு பஸ் நின்றிருந்தது. நான் ஏறவில்லை.