சரிகை தொட்ட கறுப்புப் பந்து

விஜயநகர் வீட்டில் மகன் டிவியில் ஸ்நூக்கர் போட்டிருந்தான். பந்துகள் மோதும் சத்தம் கேட்டதும் நான் மறுபடி எட்டு வயதுச் சிறுமியாகிவிட்டேன்.

அப்போது எங்கள் ஊரில் மகாராஜா ஆட்சி. அப்பா தன் மேலதிகாரியின் பங்களாவில் அவரோடு ஸ்நூக்கர் ஆடிக்கொண்டிருந்தார்; நான் மேசை ஓரமாக நின்றிருந்தேன். பச்சை மேசையில் மிஞ்சியது கறுப்புப் பந்துதான். அதைக் குழியில் தள்ளினால் அப்பாவுக்கு ஜெயம். அதிகாரி எதிரில் தலைப்பாகையைக் கழற்றக் கூடாதென்பதால் அப்படியே குனிந்தார். தொங்கிய சரிகை நுனி பந்தை உரசியது. அதை நான் பார்த்துவிட்டேன். அப்பா என்னைப் பார்த்தார், பிறகு நிமிர்ந்தார்.

"ஃபவுல் சார். தலைப்பாகை பட்டுடுத்து."

"நான் பார்க்கலையே!" என்றார் அதிகாரி.

"என் பொண்ணு பார்த்துட்டா சார்."

கடைசிப் பந்தில் ஃபவுல் என்றால் எதிராளிக்கே ஜெயம்; ஆட்டம் அதிகாரிக்குப் போனது. நான் பார்த்திருக்காவிட்டால் அப்பா ஜெயித்திருப்பாரே என்று ஜட்கா வண்டியில் வீடு வரும்வரை நினைத்துக்கொண்டே வந்தேன்.

"அம்மா, கடைசிப் பந்து!" என்று மகன் கூவினான்.

இந்த முறை எதையும் பார்த்துவிடாதபடி நான் கண்களை இறுக மூடிக்கொண்டேன்.